குட்டிப் பொம்மையும் லேசர் புகையும்

பாகூர் என்றதும் பலருக்கு ஏரி நினைவுக்கு வரும். வரலாற்றுப் பாடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படித்தவர்களுக்குச் செப்பேடு நினைவுக்கு வரும். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தியைச் சொல்வது அந்தச் செப்பேடு. வடமொழியிலும் தமிழிலும் எழுத்தெழுத்தாக உளியால் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் படிக்க முடிகிறது!

வில்லியனூர் பக்கம் வந்தால் சுடுமண். சங்கராபரணி ஆற்றங்கரை ஊர். வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சின்னஞ்சிறு உருவங்களைச் செய்வதும், ஒரு பொருளின் மேல் எழுத்தைப் பொறிப்பதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

புதிதாக வந்திருப்பது லேசர்.

இன்று லேசர் எந்திரம் ஒரு மேசை மேல் அடங்கிவிடுகிறது. கம்ப்யூட்டரில் பெயரை டைப் செய்தால் போதும், சில நிமிடங்களில் சாவிக்கொத்திலோ பொம்மையின் அடியிலோ பெயர் ஏறிவிடும். படித்துவிட்டு வேலை தேடும் ஓர் இளைஞருக்கு வில்லியனூரிலோ கிருமாம்பாக்கத்திலோ வீட்டு முன்னறையில் நடத்தக்கூடிய தொழில் இது. கொலு பொம்மை, கல்யாணப் பரிசு, பள்ளிக்கூட புராஜெக்ட் மாடல், கார்ட்டூன் பாத்திரங்களின் குட்டி உருவங்கள் என்று ஆர்டருக்கும் குறைவிருக்காது. இது நல்ல தொழில்தான். வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை.

ஆனால் "என்ன எழுதணும்?" என்று கேட்பதற்கு முன்னால் "இது எதில் செய்தது?" என்ற கேள்வி வரவேண்டும். அதற்குப் பதில் தெரியாவிட்டால் அந்தப் பொம்மையின் மேல் லேசர் படவே கூடாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

லேசர் செதுக்குவதில்லை, எரிக்கிறது

உளி பொருளைச் சீவி எடுக்கிறது. சீவிய துண்டு கீழே விழுகிறது, பெருக்கித் தள்ளிவிடலாம். லேசர் அப்படிச் செய்வதில்லை. ஒளியை ஒரு புள்ளியில் குவித்து அந்த இடத்தை உருக்கி, ஆவியாக்கி, எரித்துவிடுகிறது. பள்ளமான இடத்தில் இருந்த பொருள் எங்கே போயிற்று? காற்றில்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார்.

பிளாஸ்டிக் வேலைக்கு அதிகம் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது இது. இதன் அலைநீளம் சுமார் 10.6 மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளியைப் பெரும்பாலான பிளாஸ்டிக்குகள் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இன்னொரு வகை, விலை மலிவான நீல டயோடு லேசர். இதன் அலைநீளம் 450 நானோமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். கறுப்பு, அடர் நிறப் பொருள்களை இது சுடும். கண்ணாடி போன்ற தெளிவான அக்ரிலிக்கில் ஊடுருவிப் போய்விடும்.

எந்த லேசராக இருந்தாலும் புகை உண்டு. அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்பதை முடிவு செய்வது எந்திரம் அல்ல, பொம்மை செய்த பொருள்.

எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல

1. பிவிசி: தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் அதே பிளாஸ்டிக். இதன் எடையில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 57 சதவீதம், குளோரின். லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாமே ஈரமான இடங்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். எந்திரத்தின் தண்டவாளம், லென்ஸ், திருகுகள்கூட அரித்துப் போகும். உப்புக் காற்று வீசும் புதுச்சேரியில் இரும்பு ஏற்கெனவே படும் பாடு எல்லோருக்கும் தெரியும்! பிவிசியை லேசரில் வைக்கவே கூடாது என்பதற்கு விதிவிலக்கே இல்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், பிவிசி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஜப்பானிய அனிமே உருவப் பொம்மைகளின் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பிவிசி, ஏபிஎஸ் என்று போட்டிருக்கும். புராஜெக்ட் மாடலுக்கு ஸ்டேஷனரி கடையில் "சன்போர்டு" என்று கொடுக்கும் பலகைகளில் பல, பிவிசி நுரைப் பலகைகளே. ரெக்சின் துணியிலும் பெரும்பாலும் பிவிசி பூச்சுதான். கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் குட்டி வீடு செய்யச் சன்போர்டை லேசர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

2. ஏபிஎஸ்: லெகோ கட்டைகள் 1963 முதல் இதில்தான் செய்யப்படுகின்றன. பொம்மையாக விளையாட எந்தக் கெடுதலும் இல்லை. எரிந்தால் கதை வேறு. இதில் உள்ள அக்ரிலோநைட்ரைல் பகுதியிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வரும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, வேலை செய்யும் இடத்துக் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 10 பங்குக்கு மேல் இந்த வாயு இருக்கக் கூடாது என்கிறது. பாதாம் கசப்பு வாசனை வரும் என்பார்கள். ஆனால் பிறவியிலேயே அந்த வாசனையை உணர முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மூக்கை நம்பிப் பயனில்லை.

3. பாலிஸ்டைரீன்: ஒட்டிச் சேர்க்கும் விமானம், டாங்கி போன்ற மாடல் கிட்டுகள் பெரும்பாலும் இதில்தான் வரும். லேசரில் சுத்தமாக வெட்டுப்படாது. உருகும், இழுபடும், கறுப்பு நூல் நூலாகக் கரி பறக்கும், தீயும் பிடிக்கும். வெளியேறும் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ள பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018-ல் வகைப்படுத்தியது.

4. பாலிகார்பனேட்: பழுப்பாகும், கரியும், எரியும். உருவமும் கெடும்.

5. அக்ரிலிக்: லேசருக்கு ஏற்ற பிளாஸ்டிக் என்றால் இதுதான். வெட்டும் பளிச்சென்று இருக்கும். ஆனாலும் இதன் ஆவி எளிதில் தீப்பற்றும். லேசர் எந்திரங்களில் தீ விபத்து நடப்பது பெரும்பாலும் "இது பாதுகாப்பான பொருள்தானே" என்று அக்ரிலிக்கை ஓடவிட்டு டீ குடிக்கப் போகும்போதுதான்.

ரெசின் என்று ஒரு பொருள் இல்லை

கடையில் "இது ரெசின் பொம்மை" என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் "ரெசின்" என்பது "எண்ணெய்" என்று சொல்வது மாதிரிதான். நல்லெண்ணெயும் எண்ணெய், மண்ணெண்ணெயும் எண்ணெய்!

கடைகளில் கிடைக்கும் கனமான சாமி பொம்மைகளில் பல, பாலியெஸ்டர் ரெசினோடு கல் மாவு கலந்து அச்சில் ஊற்றியவை. சூடானால் ஸ்டைரீன் வரும், கல் தூளும் பறக்கும். சாவிக்கொத்து, பூ பதித்த பென்டன்ட் செய்கிறவர்கள் ஊற்றுவது எப்பாக்சி. மேசை விளையாட்டுகளுக்கான மினியேச்சர்களை வார்க்கப் பயன்படுவது பல சமயம் பாலியூரித்தேன். அது சிதைந்தால் ஹைட்ரஜன் சயனைடும், ஐசோசயனேட் என்னும் வகை வாயுக்களும் வரும். ஐசோசயனேட் ஒருமுறை நுரையீரலைக் கிளறிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட ஆஸ்துமாவைக் கொண்டுவரும். 3டி பிரிண்டரில் புற ஊதா ஒளியால் இறுகும் ரெசின் இன்னொரு வகை. சரியாக இறுகாமல் நடுவில் மிச்சம் இருந்தால் தோலுக்கே ஆகாது. அதைச் சூடாக்கி மூச்சில் இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இவை நான்கும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் சுத்தம், தெய்வத்துக்கே வித்தியாசம் தெரியாது.

"ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே!"

இதைப் பற்றிப் பேசினால் உடனே மூன்று பதில்கள் வரும். மூன்றையும் பார்த்துவிடலாம்.

முதல் பதில், ஜன்னல். புதுச்சேரியில் நவராத்திரியும் தீபாவளியும் வரும் சமயம்தான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கும். ஆர்டர் குவியும் அதே நாட்களில்தான் சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவார்கள். திறந்திருந்தாலும், காற்று உள்பக்கம் அடித்தால் புகை வீட்டுக்குள்தான் போகும். முன்னறையில் கடை, பின்னறையில் தொட்டிலில் குழந்தை என்று இருக்கும் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல.

இரண்டாவது பதில், முகமூடி. கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் என்-95 வந்துவிட்டது. அது தூளைத் தடுக்கும். வாயுவைத் தடுக்காது. ஹைட்ரஜன் குளோரைடும் சயனைடும் அதன் வழியாகச் சாதாரணமாக உள்ளே வந்துவிடும்.

மூன்றாவது பதில், சீலிங் ஃபேன். இது புகையை அறை முழுக்கச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான்!

சரியான வழி ஒன்றே. எந்திரத்துக்கு மூடி இருக்க வேண்டும். அதற்குள்ளிருந்து புகையை உறிஞ்சும் விசிறியும், அதைக் கூரைக்கு மேலே வெளியேற்றும் குழாயும் வேண்டும். குழாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கக் கூடாது. குழாய் வைக்க வழியில்லை என்றால், நுண்துகள் வடிகட்டியும் செயலூட்டிய கரி வடிகட்டியும் சேர்ந்த கருவி வேண்டும். அதில் கரியைக் காலம் தவறாமல் மாற்றவும் வேண்டும். இதெல்லாம் அக்ரிலிக்குக்கும் மரத்துக்கும்தான். பிவிசிக்கு இதுவும் போதாது.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை

அரை வாட்டுக்கு மேல் உள்ள லேசர்கள் நான்காம் வகுப்பில், அதாவது மிக ஆபத்தான வகுப்பில் வருகின்றன. மேசை மேல் வைக்கும் 5 வாட், 10 வாட் டயோடு எந்திரங்கள் மூடி இல்லாமல் இருந்தால் இந்த வகுப்புதான். நீல ஒளியைக் கண்ணின் லென்ஸே குவித்து விழித்திரையில் விழவைக்கும். அங்கே சுட்ட இடம் திரும்பி வராது. கார்பன் டை ஆக்சைடு லேசர் கண்ணின் முன்புறத்தைச் சுடும்.

இரண்டுக்கும் ஒரே கண்ணாடி உதவாது. கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு என்று எண் போட்டிருக்கும். அந்த எண் எந்திரத்தின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்பது போட்டோவுக்கு மட்டும் நன்றாக இருக்கும். "எப்படி எழுதுது பார்க்கலாம்" என்று சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு அதுவும் இருக்காது.

காம்பத் சொல்லும் பாடம்

ஒரு சின்ன அறையில் நடக்கும் சின்ன வேலை என்ன பெரிய கெடுதல் செய்துவிடும் என்று தோன்றலாம். குஜராத்தில் காம்பத் என்று ஓர் ஊர். அகேட் என்னும் கல்லைத் தீட்டி மணி செய்வது அங்கே பழங்காலத் தொழில். நம் அரிக்கமேட்டிலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழகிய கல் மணிகள் செய்தார்கள். காம்பத்தில் அந்தத் தொழில் இன்றும் இருக்கிறது. ஆனால் மின்சாரச் சாணைக்கல் வீடு வீடாக வந்தபிறகு, கல்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற குணப்படுத்த முடியாத நோயாகிவிட்டது. சாணை பிடித்தவருக்கு மட்டுமல்ல, அதே வீட்டில், அதே தெருவில் இருந்தவர்களுக்கும் பாதிப்பு இருந்ததை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

அந்த மணிகள் எவ்வளவு சிறியவை! கழுத்தில் போட்டுக்கொண்டவருக்கு அதன் பின்னால் இருந்த இருமல் கேட்டிருக்காது.

பெரிய ஆலை என்றால் ஆய்வாளர் வருவார், பதிவேடு இருக்கும். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் என்று எல்லை வைத்தது. 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக உயர்த்தியது. வில்லியனூரில் ஒருவர் தன் தம்பியை வைத்துக்கொண்டு நடத்தும் லேசர் கடை இரண்டு கணக்கிலும் தொழிற்சாலை ஆகாது. அந்த அறைக்குள் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஆகவே தன்னைக் காப்பது தானே கற்றுக்கொண்டால்தான் உண்டு.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஒன்று. பெட்டியைப் படிக்க வேண்டும். பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 3 என்றால் பிவிசி, தொடவே கூடாது. 6 என்றால் பாலிஸ்டைரீன். 7 என்றால் "மற்றவை", அதாவது எதுவாகவும் இருக்கலாம். எண்ணே இல்லை என்றால் தெரியாத பொருள் என்றுதான் அர்த்தம்.

இரண்டு. பள்ளிக்கூட வேதியியல் உதவும். பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியில் பிளாஸ்டிக்கைத் துளி தொட்டு மறுபடி சுடரில் காட்டினால், குளோரின் இருக்கும்போது பச்சை நிறம் தெரியும். பெயில்ஸ்டைன் 1872-ல் சொன்ன சோதனை இது. இதிலும் புகை உண்டு. எனவே ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் முன்னால், புகை உறிஞ்சும் அடுக்கில்தான் செய்ய வேண்டும். பச்சை வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வராவிட்டால் குளோரின் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஏபிஎஸ்ஸும் பாலியூரித்தேனும் பச்சை காட்டாது!

மூன்று. பொம்மையை விட்டுவிட்டுப் பீடத்தில் எழுதலாம். இதுதான் எல்லாவற்றிலும் சுலபமான வழி. லேசர் குவியும் புள்ளிக்கு ஆழம் மிகக் குறைவு. பொம்மையின் வளைந்த மேற்பரப்பில் எழுத்து மங்கித்தான் விழும். தட்டையான மரப்பலகையிலோ அக்ரிலிக் தகட்டிலோ தனியாகப் பொறித்து, பிறகு பீடத்தில் ஒட்டினால் எழுத்தும் தெளிவு, புகையும் தெரிந்த புகை. அதுவும் வேண்டாம் என்றால், எவர்சில்வர் பாத்திரக் கடையில் சொம்புக்குப் பேர் வெட்டித் தருகிறவரிடம் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டைக் கொடுத்தால் போதும். லேசரே தேவையில்லை.

நான்கு. எந்திரம் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், தீயணைப்பானும் இருக்க வேண்டும். மின் எந்திரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஐந்து. மண் பொம்மை என்றால் இன்னும் நல்லது. சுடுமண் ஏற்கெனவே சூளையில் வெந்து வந்தது. அதில் குளோரின் பிளாஸ்டிக்கும் இல்லை, சயனைடும் இல்லை. வர்ணம் பூசாத சுடுமண்ணில் லேசர் பட்டால் வருவது பெரும்பாலும் தூள்தான். அந்தத் தூளிலும் சிலிக்கா உண்டு என்பதால் உறிஞ்சும் விசிறி அங்கேயும் வேண்டும். அதைவிட எளிது, களிமண் பாதி காய்ந்திருக்கும்போதே ஓர் ஊசியால் பெயரைக் கீறிவிட்டுச் சூளையில் வைப்பது. செலவு இல்லை, புகை இல்லை. பானையில் பெயர் கீறுவது தமிழனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய வித்தையா என்ன? கீழடியிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்த பானை ஓடுகளைக் கேட்டால் சொல்லும்.

வாடிக்கையாளரை அனுப்பிவிட முடியுமா?

"அண்ணே, பத்தே பத்து பொம்மை, கொஞ்சம் பேர் போட்டுக் குடுங்க" என்று ஒருவர் வந்து நிற்கும்போது வேதியியல் பேசினால் வியாபாரம் நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. முடியாது என்றால் அவர் அடுத்த கடைக்குப் போவார். அங்கே போட்டுக் கொடுப்பார்கள். நஷ்டம் நேர்மையாக நடந்தவருக்குத்தான்.

அதனால்தான் இந்தப் பொறுப்பைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்ட முடியாது. பொம்மை விற்பவர், எதில் செய்தது என்று அடியில் ஒரு வார்த்தை அச்சிட வேண்டும். லேசர் எந்திரம் விற்பவர், எதை வைக்கக் கூடாது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி எந்திரத்தோடு கொடுக்க வேண்டும். ஆங்கிலத்திலும் சீன மொழியிலும் இருக்கும் கையேடு கிருமாம்பாக்கத்தில் யாருக்கு உதவும்? பள்ளிகளில் 3டி பிரிண்டர் வைத்துக் கற்றுக்கொடுக்கிற காலம் இது. எந்திரத்தை இயக்கக் கற்றுக்கொடுக்கும் அதே வகுப்பில் புகையைப் பற்றியும் அரைமணி நேரம் பேசலாம். வாங்குகிறவரும் "ஏன் முடியாது" என்று சண்டை போடாமல், "சரி, பீடத்தில் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லப் பழகலாம்.

பெயர் பொறிப்பது எதற்காக? கொடுத்தவர் நினைவு நிற்க வேண்டும் என்பதற்காக. கொலுப்படியில் நிற்கும் அந்தச் சின்ன உருவம் வருடத்துக்கு ஒன்பது நாள் வெளியே வரும், பிறகு பழைய வேட்டியில் சுற்றிப் பரணுக்குப் போய்விடும். அதைப் பொறித்துக் கொடுத்தவருக்கு வருடம் 365 நாளும் அதே அறையில், அதே காற்றில் வேலை. பத்து ரூபாய் கூலிக்காகத் தெரியாத பிளாஸ்டிக்கை எரித்து மூச்சில் வாங்கிக்கொள்ளச் சொல்லும் உரிமை எந்த வாடிக்கையாளருக்கும் கிடையாது.

எந்திரம் வரட்டும், தொழில் வளரட்டும். எதில் செய்தது என்று தெரியாத பொம்மை மட்டும் எழுத்தில்லாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.